வாய் கூசும் குதிரைக்கு எந்த பிட் பொருந்தும்?

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆறு வயது தரோபிரெட் பெட்டைக் குதிரை ஒன்றைச் சவாரிக்காக வாங்கியிருக்கிறீர்கள். நடுவில் ஒரே மூட்டுள்ள ஸ்னாஃபிளை (வாரின் இழுப்பை நெம்புகோல் இல்லாமல் நேராக வாய்க்குக் கொண்டுபோகும் எளிய வாயிரும்பை) மாட்டினால் வாயைப் பிளக்கிறது, கையில் பிடிக்கும் வாரைத் தொட்டதும் தலையை மேலே வீசுகிறது, சில நாள்களில் நாக்கைத் தூக்கி இரும்புக்கு மேலே போட்டுக்கொள்கிறது. இப்படி வாய் கூசும் குதிரைக்கு எந்த பிட் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். கடிவாளம் என்ற சொல் தலையில் மாட்டும் தோல்வார்கள் உட்பட முழுவதையும் குறிப்பதால், வாய்க்குள் கிடக்கும் இரும்பை மட்டும் லாயங்களில் வழங்குவதுபோல பிட் என்றே எழுதுகிறேன்.

வாய் கூசும் குதிரை என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை, இப்போது வாய் வலிக்கும் குதிரைகள். அல்லது முன்பு வலித்ததை மறக்காத குதிரைகள். பிறவியிலேயே ஈறும் உதட்டுத் தோலும் மெல்லியதாக அமைந்த குதிரைகளும் உண்டு, தரோபிரெட் இனத்தில் அவற்றை அடிக்கடி பார்க்கிறோம். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பிட், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், குருட்டாம்போக்கில் எறிந்த கல்தான்.

முதலில் பிட் எங்கே தங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் தாடையெலும்பின் விளிம்பு, நம் முழங்காலுக்குக் கீழே முன்புறம் தடவினால் தட்டுப்படும் எலும்பைப் போலக் கூராக இருக்கும். அதன்மேல் சதைப்பற்று கிடையாது, மெல்லிய ஈறு மட்டுமே போர்த்தியிருக்கும். வாய் மூடியிருக்கும்போது நாக்கு வாயை ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பிக்கொள்கிறது என்பதால், பிட்டுக்கென்று காலியிடம் எதுவும் அங்கே இல்லை. பிட் நாக்கை அமுக்கித்தான் தனக்கு இடம் பிடிக்க வேண்டும். குதிரைகளின் உடலியக்கத்தை ஆராயும் கால்நடை மருத்துவர் ஹிலாரி க்ளேட்டன் 1980-களின் நடுவில் நகரும் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தபோது, வாரை இழுக்கும்போது இரும்பு நாக்குக்குள் அமிழ்வதும், அதைத் தாங்காத குதிரை நாக்கைப் பின்னுக்கு இழுப்பதும், இரும்பின்மேல் புடைக்கச் செய்வதும், இரும்பையே கடைவாய்ப் பற்களுக்கு இடையில் கொண்டுபோய்க் கடிப்பதும் படத்தில் பதிவாயின. உங்கள் குதிரை நாக்கை மேலே போடுவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நாக்கின்மேல் விழும் அழுத்தத்திலிருந்து தப்ப அதற்குக் கிடைத்த ஒரே வழி அது.

இந்தக் காயங்கள் வெளியே தெரிவதில்லை என்பது இதில் வேதனையான செய்தி. பின்லாந்தில் வண்டிப் பந்தயம் ஓடி முடித்த 261 குதிரைகளின் வாயை அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் உடனே திறந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 84 விழுக்காட்டுக் குதிரைகளுக்கு பிட் படும் இடத்தில் புதிய காயம் இருந்தது. வாய்க்கு வெளியே ரத்தம் தெரிந்தவை மிகச் சிலவே. அவை சவாரிக் குதிரைகள் அல்ல, முழு வேகத்தில் ஓடியவை. ஆகவே அந்த எண்ணிக்கையை நம் லாயத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வாயில் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு ஒருவருக்கும் தகுதியில்லை என்பதை அது காட்டுகிறது.

ஆகவே பிட் வாங்குவதற்கு முன் பல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரை அழையுங்கள். குதிரையின் கடைவாய்ப் பற்கள் வாழ்நாளின் பெரும்பகுதியும் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையை விட அகலமானது என்பதால், அரைக்கும்போது தேயாத ஓரங்கள் மேற்பற்களில் கன்னப் பக்கமும் கீழ்ப்பற்களில் நாக்குப் பக்கமும் கத்தி விளிம்பாகக் கூர்ந்துவிடுகின்றன. அந்த விளிம்பின்மேல் கன்னத்தை மூக்குப்பட்டை வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே புண்ணாகும். பழி மட்டும் பிட்டின்மேல் விழும். ஆறு வயதில் பால்பற்கள் எல்லாம் விழுந்திருக்கும், பெட்டைகளுக்குக் கோரைப்பல் பெரும்பாலும் இருப்பதில்லை அல்லது சிறு முளையாக நிற்கும் என்பதால் அவ்விரண்டைப் பற்றியும் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் மேல்தாடையில் முதல் கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்னே வளரும், வுல்ஃப் டூத் எனப்படும் குட்டிப் பல் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது சில குதிரைகளில் ஈற்றைத் துளைத்து வெளியே வராமல், உள்ளேயே சாய்ந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் சிறு மேடாகத் தட்டுப்படும். முழு ஆய்வுக்கு மயக்க ஊசியும் வாயைத் திறந்து நிறுத்தும் கருவியும் தேவை. நீங்களாகக் கையை உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள். கடைவாய்ப் பற்களுக்கிடையில் அகப்பட்ட விரல் மிஞ்சாது. அருகில் அனுபவமுள்ள மருத்துவர் இல்லையென்றால், 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இருந்த செம்பழுப்புப் பெட்டை ஒன்று உங்கள் குதிரை செய்வதையெல்லாம் செய்தது. தடித்த பிட் மென்மையாக இருக்கும் என்று சொன்னார்கள். நானும் நம்பி 21 மில்லிமீட்டர் தடிமனில், உள்ளீடற்ற பிட் ஒன்றை வாங்கி மாட்டினேன். குதிரை வாயை முழுதாக மூடவே இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் பல் பார்க்க வைத்தேன். இடப்பக்க ஈற்றுக்குள் பச்சைப் பட்டாணி அளவுக்கு ஒரு பல் ஒளிந்திருந்தது. அதை எடுத்துப் புண் ஆறிய பிறகு, சாதாரணமான 15 மில்லிமீட்டர் பிட்டோடு அந்தக் குதிரை தலையைத் தாழ்த்தி நடந்தது. அந்த மூன்று மாதமும் அது பட்ட வலியை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பல் ஆய்வு முடிந்ததும் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். மூக்குவாரின் இரு பக்கத்திலும் வாரைப் பூட்டும், பிட் இல்லாத சைட்புல் வகைக் கடிவாளத்தை மாட்டி, வேலி அடைத்த சிறிய களத்தில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் நடையும் மெல்லோட்டமும் மட்டும் பழக்குங்கள். மூக்குவார் மூக்கெலும்பின் நுனியில் அல்ல, நாசித் துளைக்கு மேலே நான்கு விரற்கடை தள்ளி இருக்க வேண்டும்; நுனியெலும்பு மெல்லியது. தலை வீசுவது நின்றுவிட்டால் சிக்கல் வாயில்தான் இருக்கிறது. நிற்காவிட்டால் சேணம், முதுகு, பிடரி, வயிற்றுப்புண் ஆகியவற்றைத் தேட வேண்டும். அப்போது எந்த பிட்டும் உதவாது. பிட் இல்லாமலேயே குதிரை நிம்மதியாக இருக்கிறது, நீங்கள் போட்டிக்கும் போகப்போவதில்லை என்றால், அப்படியே தொடர்வதில் எந்தக் குறையும் இல்லை. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகளில் டிரெஸாஜ் எனப்படும் நுட்ப நடைப் போட்டிக்கு பிட் கட்டாயம். தடைதாண்டலில், பிட்டுக்குப் பதில் மூக்கை அழுத்தி வேலை செய்யும் ஹேக்கமோர் அனுமதிக்கப்படுகிறது. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: நீண்ட நெம்புகோல் வைத்த உலோக ஹேக்கமோரை, வாயில் இரும்பில்லை என்பதற்காக மென்மையானது என்று எண்ணிவிடாதீர்கள். அது கீழ்த்தாடையையும் மூக்கையும் சேர்த்து நெரிக்கக்கூடியது.

இனி பிட்டுக்கு வருவோம். தடிமனைப் பற்றி நிலவும் நம்பிக்கைதான் அதிகத் தீங்கு செய்கிறது. மெல்லிய இரும்பு கயிறுபோல அறுக்கும் என்பது உண்மை. அதிலிருந்து, தடிக்கத் தடிக்க மென்மை கூடும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நாக்கு நிரம்பிய வாயில் தடித்த உருளையைத் திணித்தால், வாரை ஒருவரும் தொடாதபோதே நாக்கு நசுங்கிக்கொண்டிருக்கும். பின்லாந்து ஆய்வாளர்கள் பின்னர் வெளியிட்ட இன்னொரு கணக்கெடுப்பில், 10 முதல் 13 மில்லிமீட்டர் வரையான மெல்லிய பிட்டுகளும், 18 முதல் 22 வரையான தடித்த பிட்டுகளும், 14 முதல் 17 வரையான நடுத்தர அளவை விடக் கடுமையான காயங்களோடு அதிகம் தொடர்புற்றிருந்தன. தரோபிரெட் தலை குறுகலானது, அண்ணமும் தாழ்ந்திருப்பதுண்டு. ஆகவே 14 முதல் 16 மில்லிமீட்டருக்குள் தேடுங்கள். தடிமனை வளையத்தை ஒட்டிய இடத்தில் அளக்க வேண்டும், நடுவில் அல்ல. உதட்டைச் சற்றே விலக்கிப் பாருங்கள்: நாக்கு பற்களின் ஓரத்தைத் தாண்டிப் பிதுங்கி நின்றால் அது சதைப்பற்றான நாக்கு, அதற்கு 14-ஐ ஒட்டியதே நல்லது.

வடிவத்தைப் பொறுத்தவரை, ஒற்றை மூட்டு பிட்டில் இரண்டு வாரையும் சேர்த்து இழுக்கும்போது இரு பாதிகளும் பாக்குவெட்டிபோல மடங்கி நாக்கின் இரு ஓரங்களையும் தாடை விளிம்புகளையும் நெருக்குகின்றன. நாக்கை மேலே போடும் குதிரைக்கு அது பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. நடுவில் உருண்டையான சிறு துண்டு வைத்து இரண்டு மூட்டுகளாகச் செய்த பிட் நாக்கின் வளைவோடு படிந்து, அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும். உங்கள் குதிரைக்கு நான் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். இங்கே கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்ச் லிங்க் என்பதில் நடுத்துண்டு நிலக்கடலை வடிவில் குட்டையாக, நாக்கின்மேல் தட்டையாகப் படுத்திருக்கும். டாக்டர் பிரிஸ்டல் என்பதில் நடுத்துண்டு நீண்ட தகடாக, சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் விளிம்பு நாக்கில் பதியும். இரண்டும் மேலோட்டமான பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பின்னது உங்கள் குதிரைக்குக் கொடுமை.

வாய்க்குள் எது அசைந்தாலும் பதறும் குதிரைகளும் உண்டு. அவற்றுக்கு மூட்டே இல்லாமல் மெல்ல முன்வளைந்த முல்லன் வகை பிட், அல்லது வளையக்கூடிய நெகிழியில் செய்த நேத்தே பிட், அமைதியைத் தரலாம். இரண்டுக்கும் ஒரு குறை இருக்கிறது: சுமை முழுவதையும் நாக்கே தாங்க வேண்டும். நாக்குக்கு இடம் விடும்படி நடுவே தாழ்வான வளைவு வைத்த பிட், நாக்கை மேலே போடும் குதிரையிடம் நல்ல பலன் தந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வளைவு உயரமாக இருந்தால் அண்ணத்தில் இடிக்கும், நாக்கிலிருந்து நீங்கிய பாரம் தாடை விளிம்புக்குப் போகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அழுத்தத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றத்தான் பிட்டால் முடியும், இல்லாமல் ஆக்க முடியாது. ஆகவேதான் வலிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை முதலில் சொன்னேன்.

வளையங்களில், தளர்வாகச் சுழலும் வளையம் சிறு அசைவையும் வாய்க்குக் கொண்டுபோகும். துளை தேய்ந்திருந்தால் உதட்டு ஓரத்தையும் கிள்ளும். முட்டை வடிவ மூட்டில் நிலையாக நிற்கும் எக்பட் வளையமோ, ஆங்கில D எழுத்தின் வடிவிலான டி வளையமோ உங்கள் குதிரைக்கு ஏற்றது. பந்தய லாயங்களில் டி வளையம் பரவலாகப் பழக்கத்தில் இருப்பதால் அதன் தொடுகை அதற்குப் பழகியதாகவும் இருக்கும்.

உலோகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. துருப்பிடிக்காத எஃகு போதும். செம்பு கலந்தவை எச்சிலை ஊற வைக்கும் என்பார்கள், சில குதிரைகள் விரும்புகின்றன, சில பொருட்படுத்துவதில்லை. ரப்பர் மென்மையானதுதான், ஆனால் எச்சில் ஊறாத வாயில் உதட்டோடு ஒட்டி உராயும். முலாம் பூசிய மலிவான இரும்பை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். முலாம் உரிந்த இடம் அரம்போலாகிவிடும். கடையிலேயே பழைய நைலான் துணித்துண்டை மூட்டுகளின்மேலும் வளையத் துளைகளின்மேலும் இழுத்துப் பாருங்கள். நூல் எங்கேனும் மாட்டினால் நாக்கும் அங்கே மாட்டும். ஊட்டியின் குளிர்காலை என்றால் பிட்டைக் கைகளில் வைத்துச் சூடாக்கிய பிறகும், நம் சமவெளி வெயில் என்றால் நிழலில் வைத்துத் தண்ணீரில் நனைத்த பிறகும் மாட்டுங்கள். பயிற்சி முடிந்ததும் உடனே கழுவிவிட வேண்டும். காய்ந்த எச்சில் உப்புத்தாள்போல ஆகிவிடும்.

அகலத்தை ஊகிக்காமல் அளக்க வேண்டும். வழவழப்பான மரக்குச்சியையோ முடிச்சிட்ட கயிற்றையோ பிட் இருக்குமிடத்தில் வைத்து, ஓர் உதட்டோரத்திலிருந்து மறு உதட்டோரம் வரை குறித்துக்கொள்ளுங்கள். எக்பட் அல்லது டி வளையத்துக்குப் பக்கத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் கூட்டினால் போதும். தளர்வளையத்துக்குப் பக்கத்துக்கு 5 வரை கூட்டலாம். மிக அகலமானது பக்கவாட்டில் வழுக்கி, நடுத்துண்டை நாக்கின் நடுவிலிருந்து விலக்கிவிடும். தரோபிரெட்களுக்குப் பெரும்பாலும் 5 அல்லது 5¼ அங்குலம் பொருந்தும். மார்வாரி, காத்தியவாரி குதிரைகளின் வாய் இன்னும் குறுகலாக இருப்பதுண்டு. உயரத்துக்கு, உதட்டோரத்தில் இரண்டு சுருக்கம் விழ வேண்டும் என்ற பழைய விதியைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம். பிட் உதட்டு மூலையை மெல்லத் தொட்டு, ஒரு சிறு மடிப்பு விழுந்தால் போதுமானது. நாக்கை மேலே போடுகிறது என்பதற்காகக் கன்னவார்களை ஏற்றி ஏற்றி மாட்டுவது, உதட்டைக் கிழித்து, கடைவாய்ப் பல்லில் இரும்பை முட்டவைக்கும்.

மூக்குப்பட்டையை இறுக்கி வாயை மூடவைப்பது தீர்வு ஆகாது. வாயைத் திறப்பது குதிரையின் பேச்சு. அதைக் கட்டிவிட்டால் உங்களுக்குச் செய்தி வராது, வலி மட்டும் உள்ளே இருக்கும். பக்கவாட்டில் அல்ல, மூக்கெலும்பின் நடுமேட்டில், பட்டைக்குக் கீழே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். உங்கள் சோதனைக் காலத்தில் மூக்குப்பட்டையை அறவே கழற்றிவிடுவதையே நான் விரும்புவேன்.

நம் நாட்டில் இதைப் பேசும்போது முள் பிட்டை விட்டுவிட முடியாது. திருமண ஊர்வலக் குதிரைகளுக்கும் வண்டிக் குதிரைகளுக்கும் முட்கள் வைத்த இரும்பை வாயில் மாட்டும் வழக்கம் வடக்கே இன்னும் இருக்கிறது. இழுவை மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், 1965-இன் 8-ஆம் விதி முட்கள், முண்டுகள் உள்ள பிட்டைப் பயன்படுத்துவதைத் தடை செய்திருக்கிறது. ‘இந்தக் குதிரை அடங்காது, இதைப் போடுங்கள்’ என்று யாரேனும் உங்களிடம் நீட்டினால், வாங்காமல் இந்த விதியைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கைகளைப் பற்றிப் பேச வேண்டும். இதை வருத்தமாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பந்தயப் பயிற்சியில் பல குதிரைகள் பிட்டின்மேல் சாய்ந்து ஓடக் கற்றுக்கொள்கின்றன. ஜாக்கி வாரைக் குறுக்கிப் பிடித்தால் வேகமெடுக்க வேண்டும் என்றே அவை புரிந்துகொள்கின்றன. நாக்கைத் துணியால் தாடையோடு கட்டி ஓடவிடும் வழக்கமும் பந்தயத்தில் உண்டு. உங்கள் குதிரைக்கு அப்படிக் கட்டியிருந்தார்களா என்பதை முந்தைய பயிற்சியாளரிடம் கேளுங்கள், நாக்குப் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கக்கூடும். இந்தக் குதிரையை நிறுத்த நீங்கள் இழுக்கும்போது, நீங்கள் சொல்வது ஒன்று, அது கேட்பது இன்னொன்று. ஆகவே முதல் ஒரு மாதம் தரையில் நின்றுகொண்டு, வாரில் விரல் மடக்கும் அளவு அழுத்தம் கொடுத்து, அது தாடையைத் தளர்த்திய அந்தக் கணத்திலேயே விட்டுவிடுங்கள். விடுவதில்தான் அது கற்றுக்கொள்ளும். உங்கள் கை எப்படி இருக்கிறது என்று அறிய, நண்பர் ஒருவர் பிட்டை இரு உள்ளங்கைகளிலும் பிடித்துக்கொள்ள, நீங்கள் வாரைப் பிடித்து, கண்ணை மூடி, சவாரி செய்வதுபோல அசைந்து பாருங்கள். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். முதன்முறை அதைச் செய்தபோது என் இடக்கை வலக்கையை விட இவ்வளவு முரடாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆகவே உங்கள் குதிரைக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். இந்த வாரம் சவாரியை நிறுத்திவிட்டுப் பல் ஆய்வு. புண் இருந்தால் அது முழுதாக ஆறும்வரை பிட் வேண்டாம். பிறகு இரண்டு வாரம் சைட்புல். அதன்பின் 14 அல்லது 15 மில்லிமீட்டர் தடிமனில், உருண்டை நடுத்துண்டு வைத்த இரட்டை மூட்டு எக்பட். அதை வார் பூட்டாமல், தீவனப் பொழுதுக்குச் சற்று முன் பத்து நிமிடம் மாட்டிக் கழற்றுங்கள். நான்கைந்து நாள் கழித்து வாரைப் பூட்டுங்கள். உதடு ஈரமாகி, வாயை மூடியபடி மெல்ல அசை போட்டால் அது நல்ல அறிகுறி. பத்து நாள் கழித்தும் நாக்கு மேலே போனால் தாழ்வளைவு பிட்டுக்கு மாறுங்கள். ஒரே நேரத்தில் பிட்டையும் சேணத்தையும் பயிற்சியையும் சேர்த்து மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் உதட்டோரம், நாக்கின் ஓரம், தாடை விளிம்பு ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கு நீலம் பாரித்திருந்தாலோ, ஈறு சிவந்திருந்தாலோ, அன்றோடு அந்த பிட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். வாய் அகலத்தின் அளவும் மருத்துவர் சொன்னதும் கைக்கு வந்ததும் எழுதுங்கள். வளைவு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.